படபடக்கும் நெஞ்சும் மெக்னீசியம் மாத்திரையும்: ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நெஞ்சு படபடப்பதற்கும் துடிப்பு விட்டுவிட்டு அடிப்பதற்கும் மெக்னீசியம் மாத்திரை உதவுமா, உதவுமெனில் ஆக்சைடு, சிட்ரேட், கிளைசினேட், டாரேட் என்று பல பெயர்களில் கிடைப்பவற்றுள் எதை வாங்குவது என்பது, மருத்துவரின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே மருந்துக் கடையின் மேசை முன்பு கேட்கப்பட்டுவிடும் கேள்விகளுள் ஒன்றாகிவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டைகளைச் சுற்றி மூன்று ஷிப்டுகளாக வாழும் ஓசூரில் இக்கேள்வி எழுவதற்கான காரணங்களும் கூடுதலாக உண்டு. இரவுப் பணி, பகலில் அரைகுறை உறக்கம், பணிக்கு நடுவே மூன்று நான்கு முறை தேநீர், நேரந்தவறிய சாப்பாடு, அதனால் வரும் நெஞ்செரிச்சல், அதற்கென்று கைவசம் எப்போதும் இருக்கும் ‘கேஸ் மாத்திரை’ ஆகிய ஒவ்வொன்றும் இதயத்துடிப்போடு ஏதோவொரு வகையில் தொடர்புடையது. எந்த மெக்னீசியம் என்ற கேள்வி இவற்றையெல்லாம் கடந்த பிறகு கேட்கப்பட வேண்டியது என்பதும், உண்மையில் மெக்னீசியம் குறைந்திருக்கிறதா, குறைந்திருந்தால் எதனால் குறைந்தது என்பவற்றுக்கு விடை கண்டவருக்கு உப்பின் பெயர் ஏறக்குறைய இரண்டாம்பட்சமாகிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

படபடப்பு என்பது நோயின் பெயரன்று. இதயத்துடிப்பை ஒருவர் தாமே உணரும் நிலைக்கு வழங்கும் பொதுப்பெயர். அதன் பின்னால் மிக வேறுபட்ட நிகழ்வுகள் இருக்கக்கூடும். இதயம் ஒழுங்காகவே, ஆனால் வேகமாக அடிப்பது ஒன்று; காய்ச்சல், அச்சம், நீரிழப்பு, இரத்தசோகை, தைராய்டு சுரப்பு மிகுதி ஆகியவற்றில் இவ்வாறு நிகழும். அடுத்தது முன்துடிப்பு. இதயத்தின் மேலறையிலோ கீழறையிலோ ஓரிடத்திலிருந்து உரிய நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு கிளம்பிவிட, அதனைத் தொடர்ந்து சற்றே நீண்ட இடைவெளி ஏற்பட்டு, அந்த இடைவெளியில் கூடுதலாக இரத்தம் நிரம்பிய இதயம் அடுத்த துடிப்பை வலுவாக அடிக்கும்போது, ‘ஒரு துடிப்பு விட்டுப்போய் மறுதுடிப்பு தொண்டைக்கு வந்து முட்டியது’ என்று நோயாளர் விவரிப்பார். இதயத் தசையும் வால்வுகளும் நலமாக இருப்பவர்களிடம் இது பெரும்பாலும் தீங்கற்றது. மூன்றாவது வகை, மேலறைகள் சீராகச் சுருங்குவதை விட்டுத் தாறுமாறாக நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம். அவ்வறையில் தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்க வல்லது என்பதால் இது வேறு தரத்தைச் சேர்ந்த சிக்கல்.

இவ்வேறுபாட்டை மாத்திரைப் புட்டியால் அறிய முடியாது, இ.சி.ஜி. எனப்படும் இதய மின்பதிவால் மட்டுமே அறிய முடியும். படபடப்பு இருக்கும்போதே எடுக்கப்பட்ட ஒரு பதிவு, அது அடங்கிய பின் எடுக்கப்பட்ட பத்துப் பதிவுகளைவிடப் பயன்மிக்கது. அவ்வப்போது வந்துபோகும் படபடப்புக்கு 24 மணிநேரமோ அதற்கு மேலோ உடலில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் பதிவுக் கருவி உண்டு. டைட்டன் ஆலையால் கைக்கடிகாரத்துக்குப் பெயர்பெற்ற ஓசூரில் இன்று மணிக்கட்டிலேயே நாடித்துடிப்பைக் கணக்கிடும் கடிகாரங்களும் பரவலாகிவிட்டன. ஆனால் அவை தரும் எச்சரிக்கை ஒரு குறிப்பே தவிர நோயறிதலன்று. ஆப்பிள் கடிகாரத்தைக் கொண்டு அமெரிக்காவில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், எச்சரிக்கை பெற்று அதன்பின் ஒட்டுப்பதிவுக் கருவியை அணிந்து திருப்பி அனுப்பியவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே அக்கருவியில் மேலறை நடுக்கம் பதிவானது.

இந்தியச் சூழலில் ஒரு வேறுபாட்டைத் தனியே சுட்ட வேண்டும். மேலறை நடுக்கம் முதியோர் நோய் என்ற மேலைநாட்டுப் பாடநூல் கருத்து இங்கு முழுமையாகப் பொருந்தாது. இந்திய இதயத்துடிப்புச் சங்கம் 24 மையங்களில் 1,537 நோயாளர்களைக் கொண்டு உருவாக்கிய பதிவேட்டில் அவர்களின் சராசரி வயது 55-ஐ ஒட்டியே இருந்தது. அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு ருமாட்டிக் இதயநோய், அதாவது சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்த காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்ட நோய், அடிப்படையாக இருந்தது. அத்தகையவருக்கு உறைவெதிர்ப்பு மருந்து தேவைப்படுகிறது. ருமாட்டிக் நோயாளரிடம் 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், புதிய உறைவெதிர்ப்பு மாத்திரையான ரிவரோக்சபானைக் காட்டிலும் பழைய, வைட்டமின் கே எதிர்ப்பு மாத்திரைகளே மேலானவையாகத் தெரிந்தன. எந்த மெக்னீசியம் உப்பும் உறைகட்டியைத் தடுப்பதில்லை. மெக்னீசியம் மாத்திரையால் விளையும் நேரடித் தீங்கு நலமான சிறுநீரகம் உள்ளவரிடம் சிறிதே. ‘மாத்திரை எடுத்துப் பார்ப்போம்’ என்று இ.சி.ஜி.-யை ஆறு மாதம் தள்ளிப்போடுவதால் விளையும் தீங்கு பக்கவாதமாகவே முடியக்கூடும்.

படபடப்புக்கான மற்றொரு காரணம் இவ்வட்டாரத்தின் தொழிலாளர் தொகையோடு நேரடியாகத் தொடர்புடையது. ஓசூரைச் சுற்றிய மின்னணு, ஆடை ஆலைகளில் பணிபுரிந்து விடுதிகளில் தங்கியிருப்போருள் இளம்பெண்கள் மிகப் பலர். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொல்லும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் முதலில் தேட வேண்டியது ஹீமோகுளோபின் அளவு, அடுத்தது தைராய்டு. மெக்னீசியம் அதற்கு வெகு பின்னால் நிற்கிறது. அரசு மருத்துவமனையில் செலவின்றிக் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரையால் தீரக்கூடிய ஒன்றுக்கு, பல மடங்கு விலையுள்ள இறக்குமதிப் புட்டியை வாங்குவது வேதனையான செலவு என்றே கூற வேண்டும்.

இரவுப் பணியும் இங்கு எண்ணிப்பார்க்கத்தக்கது. பிரிட்டனின் உயிர்வங்கித் தரவுகளைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வு, இரவு ஷிப்டில் பணிபுரிவோரிடம் மேலறை நடுக்கம் ஓரளவு மிகுதியாகக் காணப்படுவதைக் காட்டியது. இது காரண காரியத்தை நிறுவும் ஆய்வன்று. மது பற்றிய சான்று இதைவிட வலுவானது: விடுமுறை நாள்களில் மிகையாகக் குடித்தபின் நலமான இதயத்திலும் துடிப்புத் தடுமாற்றம் வருவதை அமெரிக்க மருத்துவர்கள் 1978-இலேயே விவரித்து ‘விடுமுறை இதயம்’ என்று பெயரிட்டனர். மது சிறுநீர் வழியாக மெக்னீசியத்தையும் வெளியேற்றுவதால் இரு வழியிலும் கேடு செய்கிறது.

இனி மெக்னீசியத்தின் வேலையைக் காணலாம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 25 கிராம் மெக்னீசியம் உள்ளது. அதில் பாதிக்கு மேல் எலும்பிலும், மீதியில் பெரும்பகுதி தசையிலும் பிற உயிரணுக்களிலும் இருக்க, இரத்த நீரில் இருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இதய உயிரணுவில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதம் மெக்னீசியம் இல்லாமல் இயங்காது. கால்சியம் நுழையும் வாயில்களில், கம்பெனி வாசலில் அட்டை பார்த்து ஆளை உள்ளே விடும் காவலாளியைப் போல, மிகையான நுழைவைத் தடுப்பதும் மெக்னீசியமே. சிறுநீரகத்தில் பொட்டாசியம் வீணாக வெளியேறாமல் பார்த்துக்கொள்வதும் அதன் பணி என்பதால், மெக்னீசியம் குறைந்தவருக்குப் பொட்டாசியத்தை எவ்வளவு கொடுத்தாலும் அளவு ஏறாமல் இருப்பதும், மெக்னீசியத்தைச் சரிசெய்த உடனே ஏறுவதும் மருத்துவமனைகளில் அன்றாடம் காணக்கூடியது. துடிப்புத் தடுமாற்றத்தில் மெக்னீசியத்தின் பங்கில் கணிசமான பகுதி இவ்வாறு பொட்டாசியத்தின் வழியாகவே நிகழ்கிறது. ஆகவே ஒன்றை மட்டும் அளப்பது அரைகுறைச் சோதனையாகும். இரத்தத்தில் லிட்டருக்கு 0.75 மில்லிமோலுக்குக் கீழே, அதாவது 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 1.8 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் குறைவு என்று கொள்வது வழக்கம். ஆனால் இரத்த அளவு இயல்பாக இருந்தும் உயிரணுக்களில் குறைவு இருக்கக்கூடும் என்ற உண்மையைச் சிலர் ‘சோதனையே தேவையில்லை, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று நீட்டிப் பொருள்கொள்வது தவறு; குறைந்த அளவு கண்டறியப்பட்டால் அது உறுதியான செய்தி, அதற்கு உடனடிப் பயன் உண்டு.

மெக்னீசியம் இதய மருந்தாகப் பெற்ற புகழ் பெரும்பாலும் நரம்பூசியால் வந்தது. டிஜிடாலிஸ் மருந்து மிகுந்து ஏற்படும் துடிப்புக் கோளாறுக்கு நரம்புவழி மெக்னீசியம் 1935-இலேயே கொடுக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா தெசர்தென் 1966-இல் விவரித்த ‘தோர்சாத் தெ புவாந்த்’ என்னும், மின்பதிவில் கூர்முனைகள் முறுக்கிக்கொள்வது போலத் தோன்றும் கொடிய கீழறைத் துடிப்புக் கோளாறுக்கு, மெக்னீசியம் சல்பேட் ஊசி இன்றும் முதல் மருந்து. மேலறை நடுக்கத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மருந்துகளோடு ஊசியைச் சேர்த்தால் பயன் கூடுவதை, துனீசியாவில் 450 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வும் காட்டியது. ஆனால் இவையெல்லாம் கிராம் கணக்கில் நேராக இரத்தத்தில் செலுத்தப்படும் மருந்து. குடல் வழியாக மில்லிகிராம் கணக்கில் மெல்லச் சேரும் மாத்திரைக்கு இச்சான்றுகளைக் கடன்வாங்கக் கூடாது.

ஊசியின் வரலாற்றிலேயே ஒரு பெரும் பாடம் இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2,316 நோயாளர்களிடம் நடந்து 1992-இல் வெளியான ‘லிமிட்-2’ ஆய்வு, மாரடைப்பில் நரம்புவழி மெக்னீசியம் இறப்பை 24 விழுக்காடு குறைப்பதாகக் கூறியபோது, மலிவான ஓர் உப்பு உயிர்காக்கிறது என்ற நம்பிக்கை பரவியது. மூன்றே ஆண்டுகளில் 58,050 நோயாளர்களைக் கொண்ட ‘ஐசிஸ்-4’ ஆய்வு அத்தகைய பயன் ஏதும் இல்லை என்று காட்டியது. மருந்தைக் கொடுத்த நேரம் பிந்திவிட்டது என்று எழுந்த மறுப்பைச் சோதிக்கவே 6,213 பேரிடம் நடத்தப்பட்ட ‘மேஜிக்’ ஆய்வும் 2002-இல் அதே முடிவுக்கே வந்தது. சிறிய ஆய்வொன்றின் இனிய முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதய மருத்துவத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. வாய்வழி மாத்திரை பற்றிய ஆய்வுகள் அனைத்தும் அந்த லெஸ்டர் ஆய்வைவிடவும் சிறியவை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

ஜெர்மனியில் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ‘மேஜிக்கா’ ஆய்வு இத்துறையில் கவனமாகச் செய்யப்பட்ட ஒன்று. கீழறை முன்துடிப்புகள் மிகுந்த 232 பேருக்கு மெக்னீசியமும் பொட்டாசியமும் ஆஸ்பார்டேட் உப்பாக மூன்று வாரம் கொடுக்கப்பட்டபோது முன்துடிப்புகள் சுமார் 17 விழுக்காடு குறைந்தன. ஆனால் நோயாளர் உணரும் தொல்லையில் போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் இல்லை. பிரேசிலில் 60 பேரிடம் 30 நாள் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 3 கிராம் மெக்னீசியம் பிடோலேட் எடுத்தவர்களிடம் முன்துடிப்பும் தொல்லையும் வியக்கத்தக்க அளவில் குறைந்தன. முடிவு இனியது, எண்ணிக்கை சிறியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 59 பேருக்கு நாள்தோறும் 400 மில்லிகிராம் ஆக்சைடு சில வாரங்களுக்குக் கொடுத்த முன்னோட்ட ஆய்வில், மேலறை முன்துடிப்புகளில் தெளிவான மாற்றம் இல்லை; வயிற்றுப்போக்கு முதலிய தொல்லைகள் மட்டும் கூடின. இரத்தத்தில் மெக்னீசியம் குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மேலறை நடுக்கம் வரும் வாய்ப்பு மிகுதி என்று பிரேமிங்காம் ஆய்வுத்தொகுதி 2013-இல் காட்டியது உண்மைதான். எனினும் குறைந்திருப்பவருக்கு ஆபத்து என்பதிலிருந்து, நிறைந்திருப்பவருக்கு மேலும் ஊற்றினால் நன்மை என்பது பெறப்படாது. இவற்றைத் தொகுத்துப் பார்த்தால், குறைவு உள்ளவருக்கு மாத்திரை தேவை. குறைவற்ற, தீங்கற்ற முன்துடிப்பால் தொல்லைப்படுபவருக்கு மருத்துவரின் ஒப்புதலோடு ஓரிரு மாதம் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை, பயன் உறுதியில்லை. மேலறை நடுக்கம் உள்ளவருக்கு அது சிகிச்சையாகாது என்று கூறலாம்.

இனித்தான் உப்புகள். மெக்னீசியம் தனி உலோகமாக விழுங்கப்படுவதில்லை. ஏதேனும் ஓர் அமிலத்தோடோ அமினோ அமிலத்தோடோ சேர்ந்த சேர்மமாகவே தரப்படுகிறது. சேர்மத்தின் மொத்த எடையில் உண்மையான மெக்னீசியம் எவ்வளவு என்பதைத் ‘தனிம அளவு’ என்பர். தமிழ்நாட்டார் மெக்னீசியத்தை மருந்தாக நெடுங்காலமாக அறிந்திருப்பது பேதி உப்பாக, அதாவது மெக்னீசியம் சல்பேட்டாக. அதன் பெயரே அது குடலில் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறது. சேலத்துச் சுண்ணக்கரடுகளில் வெட்டப்படும் வெண்ணிற மேக்னசைட்டும் மெக்னீசியம் கார்பனேட்டே என்றாலும், அது உலைக்களச் செங்கற்களுக்குப் போவது.

ஆக்சைடு மலிவானது, எடையில் 60 விழுக்காடு மெக்னீசியம் என்பதால் சிறிய மாத்திரையிலேயே பெரிய எண்ணை அச்சிட முடிகிறது. ஆனால் நீரில் கரைவது குறைவு. வணிக மாத்திரைகளை ஒப்பிட்டு 2001-இல் வெளியான சிறு ஆய்வொன்றில் ஆக்சைடிலிருந்து உடல் ஏற்றுக்கொண்டது 4 விழுக்காடு மட்டுமே. வேறு ஆய்வுகளில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை. உறிஞ்சப்படாதது குடலில் நீரை இழுத்துப் பேதியாக்குகிறது. சிட்ரேட்டில் தனிம அளவு சுமார் 16 விழுக்காடு, நன்கு கரையும், மலச்சிக்கல் உள்ளவருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஏற்கெனவே வயிறு இளகியவருக்கு ஒத்துவராது. கிளைசினேட்டில், கிளைசின் என்னும் அமினோ அமிலத்தின் இரு மூலக்கூறுகள் மெக்னீசியத்தைப் பிடித்திருக்கின்றன. தனிம அளவு ஏறத்தாழ 14 விழுக்காடு, வயிற்றுக்கு இதமானது, விலை கூடியது. இதயத்துக்கென்றே விளம்பரப்படுத்தப்படுவது டாரேட். அதில் சேர்ந்துள்ள டாரின் இதயத் தசையில் மிகுந்திருக்கும் பொருள் என்பதும், விலங்குகளில் சில நல்ல விளைவுகள் காணப்பட்டன என்பதும் சரியே. ஆனால் படபடப்புள்ள மனிதரிடம் டாரேட்டையும் சிட்ரேட்டையும் நேருக்கு நேர் வைத்து முன்துடிப்பை எண்ணிப் பார்த்த நம்பத்தக்க பெரிய ஆய்வைக் காட்டி அவ்விளம்பரங்கள் எழுதப்படுவதில்லை. மாத்திரையிலிருந்து பிரிந்து இரத்தத்தில் சேர்ந்த பின் மெக்னீசிய அயனிக்குத் தான் எந்த உப்பிலிருந்து வந்தோம் என்ற வேறுபாடு கிடையாது. ஓரோட்டேட், திரியோனேட் போன்றவற்றில் தனிம அளவு பத்து விழுக்காட்டுக்கும் கீழே. விலைக்கு ஏற்ற பயன் இந்நோக்கத்துக்கு நிறுவப்படவில்லை.

ஆகவே தேர்வு என்பது பெரும்பாலும் வயிற்றைப் பற்றியதும் பணத்தைப் பற்றியதும் ஆகும், இதயத்தைப் பற்றியதன்று. கடையில் நிற்பவர் செய்யத்தக்கது புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பது. முன்பக்கத்தில் ‘மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும். அது சேர்மத்தின் எடை என்றால் உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஏறத்தாழ 140 மில்லிகிராம். பின்பக்க அட்டவணையில் அதே புட்டி 250 அல்லது 300 மில்லிகிராம் தனிமம் என்று கூறினால் கணக்கு உதைக்கிறது: ஒன்று, உள்ளே விலைமலிந்த ஆக்சைடு கலந்திருக்க வேண்டும், அல்லது அச்சிட்ட எண்களுள் ஏதோ ஒன்று தவறு. ‘ஒரு பரிமாறல்’ என்பது ஒரு மாத்திரையா, இரண்டா, மூன்றா என்பதையும் அங்கேதான் காணலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்ற எச்சரிக்கையும் அதே பக்கத்தில் இருக்கும். இரண்டாவதை உற்பத்தியாளரே சட்டப்படி ஒப்புக்கொண்டு அச்சிடுகிறார் என்பது, முன்பக்கத்து இதயப் படத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது சற்றே நகைப்பை வரவழைக்கும்.

அளவைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரை, உணவு உட்பட ஆணுக்கு நாளொன்றுக்கு 440, பெண்ணுக்கு 370 மில்லிகிராம். மாத்திரையாக மட்டும் எடுத்துக்கொள்வதற்கு அமெரிக்க வரையறை 350, ஐரோப்பிய வரையறை 250 மில்லிகிராம் தனிமம். பலருக்கு 100 முதல் 200 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வது வயிற்றுக்கு ஒத்துவரும். தைராக்சின் மாத்திரையிலிருந்து நான்கு மணிநேரமும், சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளிலிருந்து சில மணிநேரமும் விலக்கி எடுக்காவிட்டால், மெக்னீசியம் அவற்றைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

சிறுநீரகம் பழுதுற்றவருக்குக் கதையே வேறு. மிகையான மெக்னீசியத்தை வெளியேற்றும் ஒரே வழி சிறுநீர். அது அடைபட்டால் இரத்தத்தில் அளவு ஏறி, மந்தம், தசைத் தளர்ச்சி, இரத்த அழுத்த வீழ்ச்சி, இதயத்துடிப்பு மெலிதல் என்று போய் நின்றேவிடலாம். இதன் தீவிரத்தை உணர மகப்பேற்று அறையைப் பார்த்தால் போதும். கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் செலுத்தும் செவிலியர், அடுத்த ஊசியைப் போடுமுன் சுத்தியலால் முழங்காலைத் தட்டிக் கால் உதறுகிறதா என்று பார்ப்பார், மூச்சை நிமிடக்கணக்கில் எண்ணுவார், சிறுநீர்ப் பையில் மணிக்கு 30 மில்லிலிட்டராவது சேர்ந்திருக்கிறதா என்று நோக்குவார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஊசியை நிறுத்திவிட்டு, மாற்றுமருந்தான கால்சியம் குளுக்கோனேட்டை எடுத்து வைப்பார். நீண்டகாலச் சர்க்கரை நோயாளர் பலருக்குச் சிறுநீரகம் அறிகுறியின்றியே தளர்ந்திருக்கும் என்பதால், கிரியாட்டினின் பார்க்காமல் மெக்னீசியம் தொடங்குவது முறையன்று. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் பல திரவ மருந்துகளிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருப்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

உணவின் பக்கம் திரும்பினால் ஓசூர் வட்டாரம் பேறுபெற்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் விளையும் ராகியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 146 மில்லிகிராம் மெக்னீசியம் உள்ளதாக தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை கூறுகிறது. தீட்டிய அரிசியிலோ சுமார் 19 மட்டுமே. இருநூறு கிராம் ராகி மாவைக் கொதிநீரில் கொட்டித் துடுப்பால் கிண்டி உருட்டிய களி, கொதித்த நீரை வடித்து ஊற்றாத சமையல் என்பதால், 290 மில்லிகிராம் அளவை அப்படியே தட்டில் கொண்டுவந்து வைக்கிறது. மேலே கூறிய கிளைசினேட் மாத்திரை இரண்டுக்கு அது ஈடு. ராகியிலுள்ள பைடிக் அமிலம் அதன் ஒரு பகுதியைப் பிணைத்து உறிஞ்சவிடாமல் செய்யும். முளைகட்டுவதும், கூழாக்கி இரவு முழுதும் புளிக்க வைப்பதும் அப்பிணைப்பைத் தளர்த்தும். கொள்ளு, மொச்சை, நிலக்கடலை, எள், கீரை ஆகியவையும் வளமானவை. களியிலிருந்து மூன்று வேளை வெள்ளைச் சோற்றுக்கு ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்ட குடும்பங்களில் மெக்னீசியம் குறைந்திருக்கக்கூடும் என்று ஊகிக்க இடமுண்டு.

குடிநீர் பற்றிய பேச்சில் எச்சரிக்கை தேவை. இந்தியத் தர அமைவனம் குடிநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை மெக்னீசியத்தை ஏற்புடையதாகவும், வேறு ஆதாரம் இல்லாதபோது 100 வரை பொறுத்துக்கொள்ளத்தக்கதாகவும் வகுத்துள்ளது. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரிலிருந்து எதிர்ச்சவ்வூடு முறையில் சுத்திகரித்த கேன் தண்ணீருக்கு மாறும்போது, நாளொன்றுக்குச் சில பத்து மில்லிகிராம் மெக்னீசியம் கைநழுவுகிறது. ஆயினும் அதற்காகப் பழைய கிணற்று நீருக்குத் திரும்புவது அறிவுடைமையன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் அரித்ததால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இழந்த மெக்னீசியத்தை அரைக் கைப்பிடி நிலக்கடலை ஈடுகட்டிவிடும்.

எல்லாவற்றினும் அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது, ஏற்கெனவே விழுங்கிவரும் மாத்திரைகள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் அதன் வழியாக வீட்டு வாசலுக்கே வருகின்றன. இன்னொரு பக்கம், இதயச் சிகிச்சைக்கென்று அத்திப்பள்ளியைத் தாண்டிப் பொம்மசந்திராவின் நாராயணா மருத்துவமனைக்கோ பெங்களூரின் ஜெயதேவா நிறுவனத்துக்கோ செல்வோர் வேறு பெயர் கொண்ட அட்டைகளோடு திரும்புகின்றனர். இரண்டிலும் ஒரே வகைச் சிறுநீர்பெருக்கி இருந்தால் அதை நோயாளர் அறியமாட்டார். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு ஆகிய சிறுநீர்பெருக்கிகள் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்தே வெளியேற்றுபவை. எந்தக் கடையில் எதை வாங்கினாலும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுவது, இரண்டாவது மெக்னீசியம் புட்டியைவிடப் பயனுள்ளது.

கேஸ் மாத்திரை இவ்வரிசையில் தனி இடம் பெறுகிறது. நெஞ்சில் ஏதோ உருள்கிறது என்றால் அதை வாயு என்றே கொண்டு, பான்டோபிரசோலோ, அதனோடு டாம்பெரிடோன் சேர்ந்த கூட்டுக் குளிகையோ காலை வெறும் வயிற்றில் எடுத்து, அதையே ஆண்டுக்கணக்கில் தொடர்வது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். அமிலச் சுரப்பை அடக்கும் இவ்வகை மருந்துகளை ஓராண்டுக்கு மேல் எடுப்போரிடம் குடல் மெக்னீசியத்தை ஏற்பது குன்றி, இரத்த அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011 மார்ச்சில் எச்சரித்தது. டாம்பெரிடோன் இதயத்தின் மின்னூட்டம் மீளும் நேரத்தை நீட்டி, தெசர்தென் விவரித்த அந்தக் கொடிய கோளாறுக்கே வழிவகுக்கலாம் என்பதால், ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2014-இல் அதன் அளவையும் காலத்தையும் குறுக்கி, குமட்டல், வாந்திக்கு மட்டும் என்று வரையறுத்தது. ஒரே குளிகை ஒருபுறம் மெக்னீசியத்தைக் குறைத்து, மறுபுறம் மெக்னீசியம் குறைந்த இதயத்துக்கு ஆகாத மருந்தையும் தருகிறது. படபடப்பு வரும்போது மீண்டும் வாயு என்று எண்ணி இன்னொரு குளிகை எடுக்கப்படுகிறது.

இத்தகையவருக்கு எந்த உப்பு நல்லது என்ற ஆராய்ச்சி வீண். அமெரிக்க நிர்வாகம் ஆராய்ந்த நேர்வுகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில், மெக்னீசியத்தைச் சேர்த்துக் கொடுத்தும் அளவு ஏறவில்லை; அமிலமடக்கியை நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தை ஒட்டிய காலத்தில் அளவு இயல்புக்குத் திரும்பியது. மீண்டும் தொடங்கியவர்களுக்கு இரு வாரங்களில் மறுபடி இறங்கியது. நீண்டநாள் எடுத்ததைத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கும் என்பதாலும், இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் எடுப்போருக்கு வயிற்றில் இரத்தக்கசிவைத் தடுக்க அம்மாத்திரை தேவைப்படும் என்பதாலும், நிறுத்துவதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்; பலருக்கு அளவைப் படிப்படியாகக் குறைப்பதோ, வேறு வழியில் அமிலத்தைக் குறைக்கும் ஃபமோட்டிடினுக்கு மாற்றுவதோ போதுமானதாக இருக்கும்.